மொழி மாறுதலும் மொழி மறைதலும்



மொழி மாறி வருகிறது என்னும் செய்தியை நாம் பெரும்பாலும் வருத்தத்தோடுதான் சொல்லுகிறோம். பாட்டனார் பேசியவாறு பேரன் பேசுவதில்லை, ஒலிப்பு வேறாகிவிட்டது, பிறமொழிச் சொற்கள் புகுந்துவிட்டன, இப்படியே போனால் மொழியின் கதி என்னாகும் என்று கேட்கிறோம். பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. இதற்கு விடை காண விரும்பினால், முதலில் இரண்டு நிகழ்ச்சிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு மொழி மாறுவது ஒன்று. ஒரு மொழி மறைவது மற்றொன்று. மாற்றம் முற்றினால் மறைவு வரும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஐரோப்பிய மக்களின் மொழி வரலாற்றை உற்று நோக்கினால், அவ்வெண்ணம் சரியாகாது என்பது தெரியவரும். அவ்வரலாற்றின் சில பகுதிகளை இன்று காண்போம்.

மொழி மாறுவது எவ்வாறு என்பதற்கு இலத்தீனே சிறந்த சான்று. ரோமப் பேரரசு பரவிய நாடுகளில் இலத்தீன் வழங்கியது. பேரரசு சிதைந்த பின்னரும் மக்கள் அதைப் பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை, அது சிறிது சிறிதாக வேறுபட்டது. வேற்றுமை உருபுகள் தேய்ந்தன, ஒலிகள் மெலிந்தன, புதிய சொற்றொடர் முறைகள் தோன்றின. 813ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் தூர் நகரில் கூடிய ஆயர்களின் பேரவை, திருக்கோயில் பேருரைகளை எல்லோருக்கும் விளங்குமாறு நாட்டுப்புற ரோமானிய மொழியிலேனும் ஜெர்மானிய மொழியிலேனும் நிகழ்த்த வேண்டும் என்று முடிவு செய்தது. ஏட்டிலிருந்த இலத்தீன் மக்களுக்கு எட்டாத தொலைவில் நின்றுவிட்டது என்பதை அம்முடிவு காட்டுகிறது. 842ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இரண்டு அரச சகோதரர்கள் உடன்படிக்கை செய்துகொண்டபொழுது, ஒருவர் மற்றவருடைய படைவீரர்களுக்கு விளங்கும் மொழியில் உறுதிமொழி கூறினர். கிழக்கு நாட்டை ஆண்ட லூயி ரோமானிய மொழியில் உரைத்தார். மேற்கு நாட்டை ஆண்ட சார்ல்ஸ் ஜெர்மானிய மொழியில் உரைத்தார். அன்று எழுதிவைக்கப்பட்ட சொற்களே பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகின்றன.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். சீசர் காலத்து இலத்தீனுக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழிக்கும் இடையே ஏறத்தாழ 900 ஆண்டுகள் உள்ளன. இந்த 900 ஆண்டுகளில் தாய் சொன்னது குழந்தைக்கு விளங்காத நாள் என்று ஒரு நாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பெற்றோரின் மொழியைத்தான் பேசியது. அல்லது பேசுவதாக நம்பியது. பெயர் மாறியது, வடிவம் மாறியது, தொடர்ச்சி அறவில்லை.

காலத்தால் வேறுபடுவது போலவே மொழி இடத்தாலும் வேறுபடுகிறது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கேயோர்க் வெங்கர் என்னும் அறிஞர், ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில எளிய வாக்கியங்களை அனுப்பி, அவற்றை உங்கள் ஊரார் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். பின்னர் அம்முயற்சி விரிந்து, 40 வாக்கியங்கள் 40,000க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து எழுதப்பெற்று வந்தன. அவற்றை நிலப்படத்தில் குறித்தபொழுது ஓர் உண்மை வெளிப்பட்டது. வட்டார மொழிகளுக்கு இடையே சுவர் போன்ற எல்லை எதுவும் இல்லை. 'செய்' என்னும் பொருளுடைய சொல் வடக்கே 'மாக்கென்' என்றும் தெற்கே 'மாஹென்' என்றும் வழங்குகிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு டுசெல்டார்ஃப் நகருக்கு அருகே ரைன் ஆற்றைக் கடக்கிறது. 'ஊர்' என்னும் பொருளில் 'டோர்ப்' என்போரையும் 'டோர்ஃப்' என்போரையும் பிரிக்கும் கோடோ அதற்கு நெடுந்தொலைவு தெற்கே செல்கிறது. கிழக்கே ஒன்றையொன்று நெருங்கி வரும் இத்தகைய கோடுகள், ரைன் ஆற்றங்கரையை அடைந்ததும் விசிறியின் மடிப்புகள் போல விரிந்துவிடுகின்றன.

இவை ஏன் இவ்வாறு விரிகின்றன? மலையும் ஆறும் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. கொலோன், டிரியர் ஆகிய இரண்டு பேராயர்களின் ஆட்சிப் பகுதிகளை ஒட்டி அக்கோடுகளுள் முக்கியமான ஒன்று செல்வதை அறிஞர்கள் கண்டனர். மக்கள் எந்தச் சந்தைக்குச் சென்றார்களோ, எந்த அரசுக்கு வரி செலுத்தினார்களோ, எந்த ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்களோ, அந்த வட்டத்துக்குள் பேச்சும் ஒத்துப்போயிற்று. ஆகவே, பேச்சின் எல்லையை வகுப்பது பெரும்பாலும் உறவின் எல்லையே எனலாம்.

இதையே மறுபுறமாகக் காட்டுவது ஐஸ்லாந்து. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயிலிருந்து பலர் கடல் கடந்து அத்தீவில் குடியேறினர். தாயகமாகிய நார்வேயில் ஜெர்மானிய வணிகர் வந்து தங்கினர். பெர்கன் துறைமுகத்தில் அவர்களுக்குப் பெரிய பண்டகசாலைகள் இருந்தன. பின்னர் டென்மார்க்கு அரசின் ஆதிக்கமும் நெடுங்காலம் நீடித்தது. நார்வே மொழி பழைய வேற்றுமை உருபுகளுள் பெரும்பாலானவற்றை இழந்தது. ஜெர்மானியச் சொற்கள் ஏராளமாக அதில் கலந்தன. தனித்து நின்ற ஐஸ்லாந்தோ நான்கு வேற்றுமைகளையும் இன்றும் காத்து வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதைகளை இன்றைய மாணவர்கள் சிறிது முயற்சியுடன் படித்துவிடுகிறார்கள். எனினும் இதைக் கொண்டு ஐஸ்லாந்து மொழி வாழ்ந்தது, நார்வே மொழி வீழ்ந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டும் வாழ்கின்றன. ஒன்று குறைவாக மாறி வாழ்கிறது; மற்றொன்று மிகுதியாக மாறி வாழ்கிறது.

கலப்பினால் மொழி அழியும் என்று அஞ்சுவோர் ஆங்கிலத்தின் கதையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. வழக்குகளை இனி ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று 1362ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது! இடைப்பட்ட 300 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் நிலைபெற்றன. ஆனால் வயலிலும் அடுக்களையிலும் தொட்டிலின் அருகிலும் ஆங்கிலம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆகவே அது கலந்தும் பிழைத்தது.

நம் நாட்டோடு உறவுடைய சான்று ஒன்றும் ஐரோப்பாவில் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சென்ற ரோமானி மக்களின் மொழியில், தண்ணீருக்கு 'பானி' என்றும், மூக்குக்கு 'நாக்' என்றும், காதுக்கு 'கான்' என்றும் பெயர். வட மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இச்சொற்கள் அன்றாடம் காதில் விழுபவை. அதே மொழியில் ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்கள் இந்தியாவிலிருந்து சென்றவை. ஏழு, எட்டு, ஒன்பது ஆகியன கிரேக்க மொழியிலிருந்து பெற்றவை. நடந்து கடந்த நாடுகளின் சொற்களையெல்லாம் அம்மக்கள் ஏற்றுக்கொண்டனர். எண்ணும் சொற்களில்கூடக் கலப்பு நேர்ந்தும், ரோமானி மொழி இன்றும் பல நாடுகளில் பேசப்படுகிறது. அரசும் படையும் பல்கலைக்கழகமும் அதற்குத் துணை நிற்கவில்லை. வீடும் உறவுமே துணை நின்றன.

இனி, மொழி மறைவது எவ்வாறு என்று பார்ப்போம்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794ஆம் ஆண்டில் ஆபே கிரெகுவார் என்பவர் நாட்டின் மொழி நிலை குறித்து ஓர் அறிக்கை அளித்தார். குறைந்தது 60 இலட்சம் மக்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஏறத்தாழ அதே அளவினருக்குத் தொடர்ந்து உரையாடும் அளவுக்குப் பிரெஞ்சு வராது, தூய பிரெஞ்சு பேசுவோர் 30 இலட்சத்துக்கு மேற்படமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நாட்டு மொழிகளை ஒழிப்பதே ஒற்றுமைக்கு வழி என்று அவர் வாதாடினார். 1880களில் கட்டாயக் கல்வி வந்தது. பிரித்தானி போன்ற பகுதிகளில், பள்ளியில் தாய்மொழி பேசிய மாணவன் கையில் ஓர் அடையாளப் பொருளைக் கொடுத்து நாணச் செய்யும் வழக்கமும் இருந்தது. இருப்பினும் அந்நாள்களில் பிரெத்தோன் மொழி மறைந்துவிடவில்லை. பள்ளி மணி அடித்ததும் சிறுவர்கள் வீட்டுக்கு வந்து பிரெத்தோனில்தான் பேசினர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், பெற்றோர்களே தம் குழந்தைகளிடம் பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்கள். தாம் பட்ட சிறுமையைப் பிள்ளைகள் படவேண்டாம் என்பதே அவர்கள் நோக்கம். வீட்டில் நேர்ந்த இம்மாற்றத்துக்குப் பிறகே மொழி விரைந்து சுருங்கியது.

ஆஸ்திரியாவில் ஓபர்வார்ட் என்னும் சிறு நகரம் உள்ளது. 1921ஆம் ஆண்டு வரை அது ஹங்கேரி நாட்டைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள உழவர் குடும்பங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஹங்கேரிய மொழி, ஜெர்மன் மொழி இரண்டையும் பேசி வந்தன. 1970களில் அங்குத் தங்கி ஆராய்ந்த சூசன் கால் என்னும் அறிஞர், 1979இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். ஹங்கேரிய மொழியைக் கைவிடுவதில் இளம்பெண்கள் முன்னிற்பதை அவர் கண்டார். ஹங்கேரிய மொழி உழவர் வாழ்க்கையின் அடையாளமாகவும், ஜெர்மன் மொழி ஆலை வேலைக்கும் கூலிக்கும் உரிய அடையாளமாகவும் ஆகிவிட்டிருந்தன. விடியுமுன் எழுந்து கொட்டிலிலும் வயலிலும் உழைக்கும் உழவர் மனைவியின் வாழ்வை அப்பெண்கள் விரும்பவில்லை. உழவர் இளைஞர்கள் அயலூர்களில் ஜெர்மன் மட்டுமே அறிந்த பெண்களை மணந்தனர். அம்மணங்களில் பிறந்த குழந்தைகளுள் ஹங்கேரிய மொழி கற்றோர் அரியர். அங்கு மொழியைப் பகைத்தவர் எவரும் இல்லை. அப்பெண்களைக் குறைகூறவும் நமக்கு வழியில்லை. அவர்கள் தேடியது நல்வாழ்வு. அவ்வாழ்வுக்கும் வீட்டு மொழிக்கும் தொடர்பில்லை என்று ஊரே நம்பியதுதான் மொழிக்கு இழப்பாயிற்று.

இத்தகைய இழப்பு இறுதியில் எங்கே சென்று நிற்கும் என்பதை ஏட்ரியாட்டிக் கடலிலுள்ள கிர்க் தீவு காட்டுகிறது. அங்கே தல்மாத்திய மொழி என்னும் இலத்தீன் வழிமொழி வழங்கியது. அதை அறிந்த கடைசி மனிதர் துவோனே உடாய்னா. 1897ஆம் ஆண்டில் மத்தேயோ பார்த்தோலி என்னும் மொழியறிஞர் அவரைக் கண்டு, அவர் நினைவிலிருந்தவற்றைக் குறித்துக்கொண்டார். உடாய்னாவுக்கு அம்மொழியை எவரும் கற்பிக்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டபொழுது கேட்டுக் கேட்டு அவர் அறிந்துகொண்டது அது. பார்த்தோலி சந்தித்தபொழுது அவர் காது கேளாதவர், பற்களை இழந்தவர், 20 ஆண்டுகளாக அம்மொழியில் பேச எவரும் கிடைக்காதவர். 1898ஆம் ஆண்டில் சாலைப் பணியின்போது நேர்ந்த வெடி விபத்தில் அவர் உயிர்துறந்தார். பெரியவர்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொண்டு, பிள்ளைகளிடம் வேறு மொழி பேசிய வீட்டின் கதையே இது.

குடிபெயர்ந்து வாழ்வோரைப் பற்றிய இரண்டு வரலாறுகளை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

15ஆம் நூற்றாண்டில் துருக்கியர் படையெடுப்பின் காரணமாக அல்பேனிய மக்கள் பலர் தென் இத்தாலிக்கும் சிசிலிக்கும் வந்து குடியேறினர். ஆர்பரெஷ் என்று அழைக்கப்படும் அவர்களின் வழிவந்தோர், ஏறத்தாழ 50 ஊர்களில், 500 ஆண்டுகளுக்குப் பின்னும் தம் மொழியைப் பேசுகின்றனர். 1999ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு இயற்றிய சட்டம் அம்மொழிக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. அவர்கள் பேச்சில் இத்தாலியச் சொற்கள் நிரம்பக் கலந்துள்ளன. இன்றைய அல்பேனியர்களுக்கு அது முழுதும் விளங்குவதுமில்லை. ஆயினும் தனி ஊரும் தனி வழிபாட்டு முறையும் அவர்களை ஒன்றாக வைத்திருந்தன.

மற்றொரு வரலாறு பெர்லின் நகரத்தது. 1685ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் சமயச் சலுகையை நீக்கியதால், ஊகனோ எனப்படும் புரொடஸ்டண்டுகள் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் ஏறத்தாழ 20,000 பேர் பிராண்டன்பூர்க் நாட்டில் புகலடைந்தனர். அவர்களுக்குத் தனிக் கோயில்கள் இருந்தன. தனி வழக்குமன்றம் இருந்தது. 1689இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி இன்றும் பெர்லினில் நடைபெறுகிறது. மேலும் அந்நாளில் ஐரோப்பாவிலேயே உயர்மதிப்புப் பெற்ற மொழி பிரெஞ்சு. இத்தனை வாய்ப்புகள் இருந்தும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அக்குடும்பங்களின் வீட்டுமொழி ஜெர்மன் ஆகிவிட்டது. 1819இல் அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த தெயோடோர் ஃபொண்டானே ஜெர்மன் மொழியின் தலைசிறந்த நாவலாசிரியர்களுள் ஒருவரானார். இதை இழப்பென்று மட்டும் சொல்லிவிட இயலாது. ஜெர்மன் இலக்கியத்துக்கு அது பேறு. ஆனால் கோயிலும் பள்ளியும் எத்துணைச் சிறப்பாக இருப்பினும், கடைத்தெருவில் அயலாரோடு கலந்து, தொழிலாலும் மணத்தாலும் உறவாகிவிட்ட மக்களின் வீட்டுமொழியை அவற்றால் மட்டும் காத்துத் தர முடியவில்லை என்பது தெளிவு.

வேற்று மாநில நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை எதைப் போன்றது? தனி ஊரமைத்து வாழும் ஆர்பரெஷ் மக்களின் நிலை நமக்கு இல்லை. அடுக்கு வீட்டில் இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழும் நம் நிலை பெர்லின் குடும்பங்களின் நிலையையே பெரிதும் ஒத்திருக்கிறது. தமிழ்ச் சங்கமும் திருவிழாவும் கோயிலும் வேண்டியவையே. அவை பெர்லின் மக்களுக்கும் இருந்தன என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், மீனவர் வாழும் மூன்று ஊர்களில், மறைந்துகொண்டிருந்த கேலிக் மொழியை நான்சி டோரியன் என்னும் அறிஞர் 1963 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பிழைபடப் பேசினும் மொழியை விடாமல் பேசிய சிலரை அங்கு அவர் கண்டார். இலக்கணம் அவர்களிடம் தேய்ந்திருந்தது. எனினும் பிறர் சொல்வது முழுதும் அவர்களுக்கு விளங்கியது. எங்கே சிரிக்க வேண்டும், எங்கே மறுமொழி கூற வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இவர்களுள் பலருக்கு, பாட்டி போன்ற மூத்த உறவினர் ஒருவரிடம் ஆழ்ந்த பற்று இருந்தது என்று டோரியன் குறித்துள்ளார். தூய்மையை மிகவும் வற்புறுத்தினால், அரைகுறையாகப் பேசுவோரும் வாய்மூடிவிடுவர். மொழிக்கு அதனால் கேடே விளையும் என்பதையும் அவர் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லின் தூய்மையில் விருப்பம் இல்லாமல் இல்லை. ஏட்டில் எழுதும்பொழுது அது வேண்டும். ஆனால் எட்டு வயதுக் குழந்தை இந்திச் சொல்லோ, மராத்திச் சொல்லோ, வங்காளச் சொல்லோ கலந்து தமிழில் ஒன்றைக் கேட்கும்பொழுது, அதன் பிழையைச் சுட்டி நகைப்பதும், தூய தமிழில் விடையளித்து உரையாடலைத் தொடர்வதும் ஒன்றாகா. நகைத்தால், அடுத்த கேள்வி வேறு மொழியில் வரும். தொடர்ந்து பேசினால், அடுத்த கேள்வியும் தமிழிலேயே வரும். மொழிக்கு வீட்டில் வேலை கொடுத்தல் வேண்டும். பொங்கலன்று வாழ்த்துக் கூறுவதற்கு மட்டும் வைத்திருக்கும் மொழி, ஆண்டுக்கொரு நாள் எடுத்து மடித்துவைக்கும் பட்டுப்புடவையைப் போன்றது. காய்கறிக் கணக்கும், பள்ளியில் நடந்த சண்டையும், ஊரிலிருக்கும் தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்கும் கதையும், கோபமும் கேலியும் தமிழில் நடைபெறுமாயின், அந்தத் தமிழ் சென்னைத் தமிழாகவோ மதுரைத் தமிழாகவோ இல்லாமற்போகலாம். தில்லித் தமிழ், மும்பைத் தமிழ், கொல்கத்தாத் தமிழ் என்று அதற்குப் புதுப்பெயர் வரலாம். இலத்தீனுக்கும் அவ்வாறுதான் பல பெயர்கள் வந்தன.

மாறிய மொழிக்குப் பெயர் சூட்டப் பின்வருவோர் இருப்பார்கள். மறைந்த மொழிக்கு, கிர்க் தீவில் நிகழ்ந்தது போல, குறிப்பெடுப்பவர் ஒருவர் மட்டுமே வருவார்.